பத்துப் புள்ளிக் காயும் இளவம்பாடிக் கத்திரிக்காயும்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, பேச்சோடு பேச்சாக "ஸ்கிராபிளில் க்யூ வந்தால்கூட நான் முகம் சுளிக்க மாட்டேன்" என்று எழுதிவிட்டேன். அதோடு போச்சு. இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான். நம்ம வேலூர் வெயிலில் பகல் பதினொரு மணிக்கு மேல் யார் வெளியே தலை காட்டுவார்கள், எல்லா வீட்டிலும் போர்டை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள் போலிருக்கிறது. சரி, இந்த மாதம் பக்கம் முழுக்க அதற்கே.

விளையாடாதவர்களுக்கு இரண்டு வரி. போர்டில் 15க்கு 15 கட்டம், பையில் 100 காய்கள், ஆளுக்கு ஏழு காய், ஆங்கில எழுத்துகளை வைத்துக் குறுக்கெழுத்து மாதிரி வார்த்தை கட்ட வேண்டும். க்யூவுக்கும் இசட்டுக்கும் 10 புள்ளி, ஜேவுக்கும் எக்ஸுக்கும் 8. இந்த நாலும் பையில் ஒன்றே ஒன்றுதான்.

சார், எனக்கு எப்போதும் க்யூ வந்து மாட்டுகிறது. யூ வரும் வரும் என்று காத்திருந்தே ஆட்டம் முடிந்துவிடுகிறது. போன ஞாயிறு மூன்றாவது சுற்றில் எடுத்த க்யூ கடைசி வரை கையிலேயே இருந்து, அக்கா பையனிடம் 14 புள்ளியில் தோற்றேன். அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறான்.
— ஒரு வாசகி, சத்துவாச்சாரி

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம், அப்புறம் அழலாம். அவன் காயை முடித்துவிட்டான், உங்கள் கையில் க்யூ மட்டும் மிச்சம். உங்கள் கணக்கில் 10 குறையும், அவன் கணக்கில் 10 கூடும், ஆக 20 புள்ளி வித்தியாசம். நீங்கள் தோற்றது 14 புள்ளியில். அந்தக் காயை எங்காவது தள்ளிவிட்டிருந்தாலே, அதற்கு ஒரு புள்ளிகூட வாங்காமல் இருந்திருந்தாலும், ஜெயித்திருப்பீர்கள். அதைவிடப் பெரிய நஷ்டம் கண்ணுக்குத் தெரியாதது. மூன்றாவது சுற்றிலிருந்து நீங்கள் விளையாடியது ஆறு காயோடு, அவன் விளையாடியது ஏழு காயோடு. ஏழையும் ஒரே வீச்சில் இறக்கினால் 50 புள்ளி போனஸ் உண்டே, அந்தக் கதவை உங்களுக்கு நீங்களே சாத்திக்கொண்டீர்கள்.

யூவுக்காகக் காத்திருப்பதுதான் தப்பு. பையில் மொத்தம் நாலு யூ. ஐ எத்தனை தெரியுமா, 9. க்யூவையும் ஐயையும் பக்கத்தில் வைத்தால் ஒரு முழு வார்த்தை. சீனர்கள் உடம்பில் ஓடும் உயிர்ச்சக்தி என்று சொல்கிறார்களே, அது, உச்சரிப்பு "சீ". நாம் பிராணன் என்று சொல்லுகிற மாதிரி. வட அமெரிக்கப் போட்டிகளில் இதை 2006இல்தான் சேர்த்தார்கள். எந்த வார்த்தை செல்லும் என்று பார்க்க நம்ம நாட்டுப் போட்டிகளில் வைத்துக்கொள்ளும் காலின்ஸ் பட்டியலிலும் இருக்கிறது.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு கொல்கத்தாக்காரர். பெரியாஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் ஒரு லாட்ஜில் என் சித்தப்பா மேனேஜராக இருந்தார், நான் சாயங்காலம் அவருக்குச் சாப்பாடு கொண்டு போவேன். மனைவியின் ரிப்போர்ட்டுக்காகப் பன்னிரண்டு நாள் காத்திருந்த அந்த மனிதர், கையடக்க ஸ்கிராபிள் ஒன்றை வரவேற்பு மேஜையில் பரப்பிக்கொண்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம் "ஒரு கை" என்று கூப்பிடுவார். என்னோடு விளையாடின முதல் நாளே க்யூ-ஐ போட்டார். இது என்ன வார்த்தை, ஏமாற்றுகிறீர்கள் என்று நான் எகிற, அவர் ஒன்றும் பேசாமல் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்து ஓரமெல்லாம் கிழிந்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். இரண்டெழுத்து வார்த்தைகள் அத்தனையும் அதில் இருந்தன. அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்தது இன்னும் என்னிடம் இருக்கிறது.

அவர் வைத்த விதம்தான் அழகு. போர்டில் ஏற்கெனவே ஒரு ஐ. அதன் தலைக்கு மேலே இருந்த கட்டம் எழுத்துக்கு மூன்று மடங்கு தருவது. அதில் க்யூவை வைத்தார், மேலிருந்து கீழே ஒரு "சீ". கையில் இருந்த இன்னொரு ஐயைக் க்யூவுக்கு வலப்பக்கம் வைத்தார், குறுக்கே இன்னொரு "சீ". க்யூ 30, ஐ 1, இரண்டு திசையிலும் எண்ண வேண்டும். இரண்டே காயில் 62 புள்ளி. நான் அப்போது ஐந்தெழுத்து வார்த்தை போட்டு 11 வாங்கிப் பெருமையாக உட்கார்ந்திருந்தேன்.

ஆக உங்களுக்கு என் யோசனை இது. க்யூ வந்ததும் போர்டில் திறந்து கிடக்கும் ஐயைத் தேடுங்கள், யூவை இல்லை. இரண்டு சுற்று பாருங்கள். வழி தெரியவில்லையா, பையில் ஏழு காயாவது இருக்கும்போதே க்யூவைத் திருப்பிப் போட்டு வேறு காயாக மாற்றிவிடுங்கள். ஏழுக்குக் கீழே போனால் மாற்ற விட மாட்டார்கள். மாற்றினால் ஒரு முறை போகிறதே என்று தயங்காதீர்கள், அந்த முறையில் எப்படியும் எட்டோ ஒன்பதோதான் எடுக்கப்போகிறீர்கள்.

எங்கள் வீட்டில் உருது பேசுவோம். ஸ்கிராபிளில் உருது வார்த்தை போட்டால் தோழிகள் "அது இங்கிலீஷ் இல்லை" என்று தள்ளிவிடுகிறார்கள். நியாயமா?
— கல்லூரி மாணவி, வாணியம்பாடி

நியாயம் பட்டியலில் இருக்கிறதம்மா, தோழிகளிடம் இல்லை. க்யூ விஷயத்தில் உங்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் எங்களுக்குக் கிடையாது. தமிழ் வீட்டில் வளர்ந்தவனுக்குக் க்யூ என்றால் குயின், குவெஸ்டின், அப்புறம் ரேஷன் கடை. யூ இல்லாமல் க்யூவா என்று திகைப்போம். உங்களுக்கு வாயில் ஊறின வார்த்தைகளில் எத்தனையோ அந்த எழுத்தில்தான் இங்கிலீஷுக்குப் போயிருக்கின்றன. புர்கா என்பதைக் கேவில் எழுதினால் 11 புள்ளி, க்யூவில் எழுதினால் 16, இரண்டும் செல்லும். நிகாப், அதுவும் 16. தலாக் 14. ஃபகீர் 17. வக்ஃப் என்ற நாலெழுத்துக்கு 19 புள்ளி. தொழும் திசையைச் சொல்லும் கிப்லா இருக்கிறது. கவ்வாலிகூட இருக்கிறது, ஆனால் அதற்கு இரண்டு டபிள்யூ வேண்டும், பையில் இருப்பதே இரண்டு, ஆகவே கனவு காணலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. வீட்டில் காஃப் என்ற உருது எழுத்தைப் போட்டு எழுதுகிற எல்லா வார்த்தையும் உள்ளே இல்லை. பட்டியலைப் பார்த்து எது உண்டு எது இல்லை என்று ஒரு சாயங்காலம் உட்கார்ந்து குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே எந்தப் பட்டியல் என்று பேசி முடித்துவிடுங்கள். நடுவில் பேசினால் சண்டைதான்.

எக்ஸ் நல்லதா, இசட் நல்லதா? ஒரே வார்த்தையில் சொல்லவும்.
— ராணிப்பேட்டை

ஒரே வார்த்தையில் சொன்னால் எக்ஸ். கொஞ்சம் விளக்க விடுங்கள். இந்த விலைகளை வைத்தவர் ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கர், கட்டடக் கலைஞர். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை போய், உட்கார்ந்து செய்தித்தாளின் முதல் பக்கத்தில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார், அரிதாக வந்ததற்கு அதிக விலை வைத்தார். ஸ்கிராபிள் என்ற பெயர் அப்புறம் 1948இல் ஜேம்ஸ் புருனோ என்பவர் வைத்தது. ஆக, காயின் மூலையில் இருக்கும் எண் அந்த எழுத்து பேப்பரில் எவ்வளவு அபூர்வம் என்பதைச் சொல்லுமே தவிர, அதைப் போர்டில் இறக்குவது எவ்வளவு கஷ்டம் என்பதைச் சொல்லாது. விலை வேறு, வசதி வேறு.

எக்ஸைப் பாருங்கள். ஏ, ஈ, ஓ மூன்றும் அதற்கு முன்னால் நிற்கும், ஐ, யூ இரண்டும் பின்னால் நிற்கும், எல்லாமே இரண்டெழுத்து வார்த்தை. அதாவது போர்டில் எந்த உயிரெழுத்து கிடந்தாலும் எக்ஸுக்கு ஒரு வேலை உண்டு. ஏவுக்குக் கீழே மூன்று மடங்குக் கட்டத்தில் எக்ஸ், அதற்கு இடப்பக்கம் ஒரு ஈ, 25ம் 25ம் 50. எட்டுப் புள்ளிக் காய் இப்படி உழைக்கும். இசட்டுக்கு ஏ, ஈ, ஓ மூன்றும் பின்னால் வரலாம். ஏ சேர்ந்தால் பீட்சாவின் வால், ஓ சேர்ந்தால் திபெத்துப் பக்கத்து மாடு. ஜேவுக்கு ஏ, ஓ இரண்டுதான், அதுவும் ஜே முதலில்தான் நிற்கும். க்யூவுக்கு ஐ ஒன்று. எட்டு, பத்து என்று மிரட்டுகிற நாலைச் சொல்கிறோம், நாலே புள்ளி வாங்கும் வீயை யாரும் கண்டுகொள்வதில்லை. வீக்கு இரண்டெழுத்து வார்த்தையே கிடையாது. வீ இரண்டு சேர்ந்து வந்தால் எனக்குக் க்யூவைவிட வயிற்றைக் கலக்கும்.

நான் ஏழு காயையும் வைத்து "பிரிஞ்சால்" போட்டேன். பெங்களூரிலிருந்து வந்த என் மச்சான், அது இந்தியாவில் மட்டும் சொல்கிற வார்த்தை, செல்லாது, "எக்ப்ளாண்ட்" என்றால்தான் செல்லும் என்று அடம் பிடித்து எடுக்க வைத்துவிட்டான். முள்ளுக் கத்திரிக்காய் விளைகிற ஊரில் எனக்கு இந்த அவமானம்.
— ஒரு விவசாயி, இளவம்பாடி

அண்ணே, மச்சானை அடுத்த பஸ்ஸில் ஏற்றி மறுபடி வரவழையுங்கள். பிரிஞ்சால் செல்லும். தோசை, இட்லி, வடை, சாம்பார் எல்லாமே செல்லும். (தோசையில் ஒரு வேடிக்கை: ஒன்று என்றால் கடைசி ஐ இல்லாமல் "டோசா", பல என்றால் ஐ சேர்த்து "தோசை" என்று பட்டியலில் போட்டிருக்கிறார்கள். நாம் ஒரே ஒரு தோசை தின்றாலும் தோசைதான் தின்கிறோம்.) உங்கள் ஊர்க் கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள், அவருக்கு இன்னும் எக்ப்ளாண்ட்.

நீங்கள் போட்டது எப்பேர்ப்பட்ட வார்த்தை என்று உங்களுக்கே முழுசாகத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். ஜே மாட்டிக்கொண்டால் ஜாம், ஜக் என்று போட்டுத் தப்பிப்பதுதான் வழக்கம். ஜேவோடு ஏழு காயும் இறங்கும் வார்த்தை கையில் வருவது லேசில் நடக்காது. வெறும் காய்களின் கூட்டே 16, போனஸ் 50. இது ஆட்டத்தின் முதல் வார்த்தையாக இருந்தால் எங்கே வைப்பது என்பதில்தான் சுவாரஸ்யம்.

நடுவில் இருக்கும் நட்சத்திரக் கட்டம் வார்த்தைக்கு இரண்டு மடங்கு. அதே வரிசையில் நட்சத்திரத்திலிருந்து வலப்பக்கம் நாலாவது கட்டமும் இடப்பக்கம் நாலாவது கட்டமும் எழுத்துக்கு இரண்டு மடங்கு. பி-யை நட்சத்திரத்தில் வைத்துத் தொடங்கினால், விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், ஐந்தாவது எழுத்தான ஜே சரியாக அந்த வலப்பக்கக் கட்டத்தில் போய் உட்காரும். 16 அல்ல, 24 ஆகும். இரண்டு மடங்கு 48, போனஸ் 50, மொத்தம் 98! ஒரே வீச்சு.

ஆனால் எழுந்து குதிப்பதற்குமுன் கடைசி எல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஓரத்துச் சிவப்புக் கட்டத்துக்கு ஒரு கட்டம் முன்னால். அந்தச் சிவப்பு, வார்த்தைக்கு மூன்று மடங்கு. மச்சான் கையில் ஒரு எஸ் இருந்தால் போதும், உங்கள் கத்திரிக்காயைப் பன்மையாக்கி 17ஐ மூன்றால் பெருக்கி 51 எடுத்துக்கொண்டு, அந்த எஸ்ஸிலிருந்து மேலும் கீழுமாக இன்னொரு வார்த்தை கட்டி அதற்கும் மூன்று மடங்கு வாங்குவார். நீங்கள் பயிரிட்டது, அவர் அறுவடை.

அதற்குப் பதில், ஜே நட்சத்திரத்தில் விழுகிற மாதிரி நாலு கட்டம் இடப்பக்கம் தள்ளித் தொடங்கினால், பி இடப்பக்க இரட்டைக் கட்டத்தில் நிற்கும். 19, இரண்டு மடங்கு 38, போனஸோடு 88. பத்துப் புள்ளி குறைவு, ஆனால் ஓரம் பத்திரம். எது சரி? நான் 88ஐத்தான் எடுப்பேன். எழுத்துக் காய்களில் எஸ் நாலு, எதுவாகவும் வைத்துக்கொள்ளும் வெற்றுக் காய் இரண்டு, ஆறில் ஒன்றாவது எதிராளியிடம் இருக்கும் என்பது என் பயம். தைரியசாலிகள் 98 எடுக்கிறார்கள், அவர்களிடம் நான் சில முறை தோற்றும் இருக்கிறேன்.

ஜரிகையைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா?
— ஆரணி

உண்டு. ஜரி என்பதை இசட்டில் தொடங்கி எழுதுங்கள், நாலெழுத்து, 13 புள்ளி, பின்னால் எஸ்ஸும் சேரும். மாவட்டம் பிரிந்து நீங்கள் திருவண்ணாமலைப் பக்கம் போனால் என்ன, பட்டுப்புடவை என்றால் எங்களுக்கு இன்னும் ஆரணிதான்.

பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து தீப்பெட்டி அட்டையை வெட்டித் தமிழில் இதே மாதிரி ஒன்று செய்தோம். 247 எழுத்துக்கும் காய். ங, ஞ, ஔ, ஃ எல்லாவற்றுக்கும் 10 புள்ளி. விளையாட்டு நகரவே மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?
— ஆசிரியை, குடியாத்தம்

டீச்சர், குடியாத்தத்தில் அட்டைக்குப் பஞ்சம் இல்லை என்பதற்காக 247 காயா! ஙூ, ஙே வந்த பிள்ளை என்ன செய்யும்? அந்த வரிசையில் தமிழில் நடமாடுவது ங்-உம், அங்ஙனம், எங்ஙனம் என்று வருகிற ங-வும்தான். மிச்சம் எல்லாம் அரிச்சுவடியில் வரிசை நிரப்ப உட்கார்ந்திருப்பவை.

இப்படிச் செய்து பாருங்கள். மெய்க்கு ஒரு காய் போதும். க என்று ஒரு காய் இருந்தால் அது க், க, கா, கி, கோ எதுவாகவும் நிற்கும், வைப்பவர் வாயால் சொல்ல வேண்டும். பதினெட்டு மெய், பன்னிரண்டு உயிர், ஓர் ஆய்தம், 31 வகைக் காயில் விஷயம் முடிந்தது. அதிகம் வருகிற எழுத்தைப் பல காயாக வெட்டிக்கொள்ளுங்கள்.

இந்த ஏற்பாட்டில் நீங்கள் பயந்த எழுத்துகளின் முகமே மாறிவிடும். ங அரிதே இல்லை, பக்கத்தில் க இருந்தால் தங்கம், சங்கு, வேங்கை, மாங்காய் என்று வந்துகொண்டே இருக்கும், அதற்கு 10 கொடுத்தால் பிள்ளைகள் கொள்ளை அடிப்பார்கள். ஞவும் அப்படித்தான், ச பக்கத்தில் இருந்தால் இஞ்சி, கஞ்சி, பஞ்சு. ஔ வேறு கதை. கௌரவம், மௌனம் எல்லாம் கவும் மவும் பார்த்துக்கொள்ளும், ஔ காய்க்கு மிஞ்சுவது ஔவை, ஔடதம் மாதிரி விரல் விட்டு எண்ணக்கூடியவை. ஃ-க்கு அஃது, இஃது, எஃகு. இந்த இரண்டுதான் உங்களுடைய க்யூவும் இசட்டும், பத்து வையுங்கள். பிள்ளைகளுக்கு எஃகு என்ற ஒரு வார்த்தையை மட்டும் முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுங்கள், எனக்கு அந்தக் கொல்கத்தாக்காரர் "சீ" சொல்லிக்கொடுத்த மாதிரி.

நீங்கள் கேட்காத ஒரு தொல்லை இருக்கிறது: ழ, ள, ண, ன, ற. இவை எத்தனை முறை வந்தாலும் வார்த்தைக்கு முதலில் நிற்காது, யாராவது முன்னால் இடம் கொடுத்தால்தான் உண்டு. கையில் இவையே நாலைந்து சேர்ந்துவிட்டால் பிள்ளை முழிக்கும். அதற்கு மருந்து கூழ், யாழ், ஊழ், ஆள், தேன், ஆறு போன்ற குட்டி வார்த்தைகள். ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். விலையை நீங்களே வைக்காதீர்கள். ஆளுக்கு ஒரு நாளிதழின் முதல் பக்கத்தைக் கொடுத்து எழுத்துகளை எண்ணச் சொல்லுங்கள், பட்ஸ் செய்ததும் அதுதான். முப்பது பிள்ளைகள் இருந்தால் ஒரு பீரியடில் முடிந்துவிடும், எண்ணிக்கையை எனக்கும் அனுப்புங்கள்.

என் வீட்டுக்காரர் பைக்குள் கையை விட்டால் அரை நிமிடம் தடவுகிறார். வெளியே வரும்போது கையில் வெற்றுக் காயோ இசட்டோ இருக்கிறது. கேட்டால் "ராசி" என்கிறார். இது ராசிதானா?
— பெயர் வேண்டாம், காட்பாடி

மரக் காயில் எழுத்து குழிந்திருக்கும், வெற்றுக் காய் வழவழவென்று இருக்கும். அது ராசி இல்லை, விரல். போட்டிகளில் இதற்காகவே எழுத்து கையில் தட்டுப்படாத வழுவழுப்பான காய்களை வைத்திருக்கிறார்கள், பையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் எடுக்க வேண்டும். அந்தக் காய் வாங்குவதற்குச் செலவு ஆகும். அதுவரை, இனிமேல் இருவருக்கும் காய் எடுத்துத் தருவது நீங்கள்தான் என்று சொல்லிவிட்டு, பையை உங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.